பெக்தூத் கானின் பங்கு

பெக்தூத் கான் இறந்து அடக்கமான பிறகும் மாலைச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தார். யாரும் அவரைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய பங்கு ஆட்டின் இடுப்பெலும்பு. அதை வால்கொழுப்போடு மரத்தட்டில் வைத்து அவர் உட்காரும் இடத்தின் முன் நகர்த்துவார்கள். கூடாரத்தில் இருப்பவர்கள் கண்ணை மூடிப் பிரார்த்தனையை முடிப்பதற்குள் எலும்பு வெளுத்துவிடும். அந்த ஆண்டு தலைநகர் சாரிகந்தில் கோதுமை விலை ஏறியது. முலாம்பழம் மலிந்தது. கான் வசந்தத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதனால் மற்ற எல்லாரையும்விடச் சிரமப்பட்டவன் அவருடைய பேரன் தாய்லாக். நதியிலிருந்து பனிமலைவரை அத்தனை ஊர்களையும் பிடித்த கிழவர், சாகும்போது அரியணை தாய்லாக்குக்கு என்று எல்லார் காதும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் செத்தார். தாய்லாக் தன் கையாலேயே அவரைக் குழிக்குள் இறக்கினான். நரைத்த தாடிமேலும், அம்பு தைத்து மடங்காமல் போன இடது கால்மேலும் மண் விழுந்ததைப் பார்த்தான். அவனை வெள்ளைக் கம்பளியில் உட்காரவைத்து நான்கு முனையையும் பிடித்துத் தூக்கினால் அவன் கான். தூக்க வேண்டியவர்கள் பெக்குகள் என்னும் படைத்தலைவர்கள். அவர்கள் தூக்க மறுத்தார்கள். அந்த நாட்டில் ஒவ்வொரு ஆணுக்கும் அவனுக்கென்று ஓர் எலும்பு உண்டு. கானுக்கு இடுப்பு, பெக்குகளுக்குத் தொடை, இளவரசர்களுக்குத் தோள். ஒருவன் எலும்பில் இன்னொருவன் கைவைத்தால் கத்தி உருவப்படும். கானின் பங்கு உண்ணப்படும்வரை வேறு யாரும் தட்டைத் தொட முடியாது. ஒருவன் செத்தால் ஓராண்டு அவன் பங்கை எடுத்துவைப்பார்கள். அது அப்படியே கிடந்து நாய்களுக்குப் போகும். அதுதான் அவன் செத்ததற்குச் சாட்சி. உண்ணப்படுகிற பங்குக்கு உரியவன் உயிரோடிருக்கிறான். உயிரோடிருக்கிற கானின் அரியணையில் இன்னொருவனை எப்படி ஏற்றுவது?

"நீங்க மண்ணு போட்டது உண்மைதான் இளவரசே," என்றார் பெக்குகளில் மூத்தவரான சாரிக் பெக். "நானும்தான் ரெண்டு கை போட்டேன். ஆனா அவர் சாப்பிடறதும் உண்மைதானே?"

"செத்தவன் தின்னா அதுக்குப் பேரு பேய்!"

"பேயோ என்னமோ. பசியோட இருக்கறவரைப் போயி செத்துட்டார்னு எந்த வாயால சொல்றது?"

தாய்லாக் முல்லாக்களை வரவழைத்தான். கான் இறந்துவிட்டார், ஐயமில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதன்படி குதிரைகள் வாரிசுகளுக்குப் பிரிக்கப்பட்டன. இளைய விதவைகள் மறுமணம் செய்துகொண்டார்கள். பெக்குகள் அந்தத் திருமணங்களுக்குப் போய் வாழ்த்திவிட்டு, மாலையில் வந்து கானின் எலும்பு வெளுக்கும்வரை கைகட்டிக் காத்திருந்தார்கள். குதிரைக்கு ஒரு சட்டம், எலும்புக்கு ஒரு சட்டம், இதில் என்ன குழப்பம் என்று கேட்டார்கள். தாய்லாக் வாய்க்கால் வெட்டச் சொன்னால், கான் சாப்பிட்டு எழுந்ததும் கேட்டுச் செய்கிறோம் என்றார்கள். கான் சாப்பிட்டு எழுந்ததை யாரும் பார்க்காததால் வாய்க்கால் வெட்டப்படவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், இனி அந்தப் பங்கை வைக்கக் கூடாது என்று தாய்லாக் உத்தரவிட்டான். அன்று அறுத்த ஆடு எதிலும் இடுப்பெலும்பு இல்லை. அறுபடும்வரை அவை நடந்துகொண்டுதான் இருந்தன. பிறகு அவன் விஷம் வைத்துப் பார்த்தான். கான் அதையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார். மறுநாளும் வந்தார். செத்தவரை விஷம் என்ன செய்யும் என்று யோசிக்காதது தன் தவறுதான் என்று தாய்லாக்கே ஒத்துக்கொண்டான்.

"ஒரு கிழவருக்கு எலும்பு போடறதுல நம்ம குடியா முழுகிடப்போவுது?" என்றாள் அவன் மனைவி உல்ஜாய்.

"கிழவர் இல்லடி. பொணம். பொணத்துக்குப் பின்னாடி வரிசையில நிக்கறேன் நான்."

"நில்லுங்களேன். உக்காந்தா மட்டும் என்ன கிழிக்கப்போறீங்க?"

இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு மாலை எலும்பு வெளுக்கவில்லை. பிரார்த்தனை முடிந்தது. மறுபடி ஒருமுறை நீளமாக ஓதினார்கள். கொழுப்பு உறைந்து தட்டில் ஒட்டியது. பெக்குகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாய்லாக் அழுதான், அது துக்கம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். வெள்ளைக் கம்பளியை வெயிலில் உதறச் சொன்னான். கம்பளி வெயிலில் கிடக்கும்போதே தெற்கிலிருந்து குதிரைக்காரன் வந்து சேர்ந்தான். தெற்கு ஊர்களை வைத்திருந்தவர் தாய்லாக்கின் சித்தப்பா சாதுக். கானின் கடைசி மகன். அவரும் தன் கூடாரத்தில் அப்பாவுக்கு ஓர் இடுப்பெலும்பு வைத்திருக்கிறார். சீரகமும் உலர்ந்த பிளம்பழமும் போட்டு வேகவைத்தது. கான் அங்கே போய்விட்டார்.

கான் என்னோடு இருக்கிறார், தாய்லாக் ராஜதுரோகி என்று சாதுக் ஊர் ஊராகப் பறையறைவித்தார். பெக்குகள் தாய்லாக்கிடம் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு தெற்கே கிளம்பினார்கள். அதுவரை கிழவர் சாப்பிடுவதை எப்படி நிறுத்துவது என்று தூக்கம் கெட்டவன், இப்போது அவரை எப்படிச் சாப்பிடவைப்பது என்று தூக்கம் கெட்டான். அடுக்களைக்குள் நுழைந்து சமையல்காரனோடு சண்டை போட்டான். மலையில் மருக்கொழுந்து மேய்ந்த ஆடாகப் பார்த்துப் பிடித்துவரச் செய்தான். பிளம்பழத்துக்குப் பதில் சீமைமாதுளை போட்டான். கான் திரும்பி வந்தார். பெக்குகளும் திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே உட்கார்ந்தார்கள். சாதுக் ஆட்டை விட்டுக் குதிரை இறைச்சிக்கு மாறினார். கான் தெற்கே போனார். அந்தக் குளிர்காலம் முழுவதும் இப்படியே கழிந்தது. வழியிலிருந்த சத்திரக்காரர்கள் பிழைத்தார்கள். லாடம் அடிப்பவர்கள் கூலியை உயர்த்தினார்கள்.

பனி உருகியதும் சாதுக் படையோடு வந்தார். நதிக்கு அந்தக் கரையில் அவர், இந்தக் கரையில் தாய்லாக். தோற்றவனின் கண்ணில் பழுக்கக் காய்ச்சிய ஊசி இறங்கும். அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் வழக்கம். அந்தக் கரையிலிருந்து தூதன் ஒருவன் நீந்தி வந்தான்.

"ஊசி தயாரா இருக்குன்னு உங்க சித்தப்பா சொல்லச் சொன்னாருங்க. ரெண்டு கண்ணுக்கும் ஒரே ஊசிதானாம்."

"அவர் சின்ன வயசுலேர்ந்தே கஞ்சன்னு போய்ச் சொல்லு," என்றான் தாய்லாக். தூதன் போனபின் கரையில் நின்ற குதிரைகளை எண்ணிப் பார்த்தான். அவனிடம் படை குறைவு.

அன்று மாலை இரு கரையிலும் அண்டா ஏறியது. எந்தக் கரையில் கான் சாப்பிடுகிறாரோ அதை எதிர்த்து வாள் உருவ முடியாது என்று இரு தரப்புப் பெக்குகளும் சொல்லிவிட்டார்கள். தட்டு வைத்தார்கள். எலும்பு வெளுக்கவில்லை. அந்தக் கரையிலும் வெளுக்கவில்லை. யாரும் சாப்பிடாமல் படுத்தார்கள். மறுநாளும் அப்படியே. அப்போதுதான் சாரிக் பெக்குக்கு நினைவு வந்தது. போர் முடியும்வரை கான் சாப்பிட மாட்டார். எந்தக் காலத்திலும் சாப்பிட்டதில்லை.

"அப்ப போரை முடிப்போம்," என்றான் தாய்லாக்.

"ஆரம்பிச்சாத்தானே முடிக்க?"

"ஆரம்பியுங்க!"

"கான் யார் பக்கம்னு தெரியாம எப்படி ஆரம்பிக்கறது?"

"அது எப்பத் தெரியும்?"

"அவர் சாப்பிட்டாத் தெரியும்."

மூன்றாம் மாலை காற்று நதியின் மேல் அடித்தது. இந்தக் கரையின் இறைச்சி வாசனை அந்தக் கரைக்கும் அந்தக் கரையின் வாசனை இங்கேயும் வந்தது. வீரர்கள் வெந்த ஆட்டின் முன் உட்கார்ந்து சேணத்தின் தோல்வாரை மென்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் மயங்கி நெருப்பின்மேல் சாய்ந்தான். இழுத்துப் போட்டார்கள். தாய்லாக் தட்டைப் பார்த்தான். கொழுப்பு மெல்ல உறைந்துகொண்டிருந்தது. குழியில் இறங்கும்போதுகூட அந்தக் கிழவர் இவ்வளவு கனமாக இல்லை என்று தோன்றியது. ஊசியை நினைத்தான். உறையப்போகும் கொழுப்பை நினைத்தான். இரண்டில் கொழுப்புதான் அவனுக்கு அதிக எரிச்சலைத் தந்தது. எழுந்து போய் கானின் இடத்தில் பொத்தென்று உட்கார்ந்து இடுப்பெலும்பை இரண்டு கையாலும் எடுத்துக் கடித்தான்.

யாரும் கத்தியைத் தொடவில்லை. தொடத் தெம்பில்லை. தாய்லாக் நரம்பைப் பல்லால் இழுத்தான், கொழுப்பை விழுங்கினான், எலும்பை உடைத்து மஜ்ஜையை உறிஞ்சினான். "இப்பத் தின்னுங்கடா!" என்று கத்தினான். சாரிக் பெக் பக்கத்தில் வந்து எலும்பைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெளுத்திருந்தது. அவர் முழங்காலிட்டார்.

"பசி ஆறிச்சா, கானே?"

அதற்குள் மற்றவர்கள் இறைச்சிமேல் விழுந்திருந்தார்கள். அந்த எலும்பை ஈட்டியில் கட்டி அந்தக் கரைக்குக் காட்டினார்கள். அங்கேயும் தட்டுகளில் கை விழுந்தது. தின்று முடித்ததும் சாதுக் தனியாக நதியைக் கடந்து வந்தார். கானின் இடத்தில் உட்கார்ந்திருந்தவரை உற்றுப் பார்த்தார். தாடி நரைத்திருந்தது. இடது காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்திருந்தார். சாதுக் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதாம்ப்பா," என்றார். "அந்தப் பய தாய்லாக்தான் என்னை உசுப்பிவிட்டான்."

கான் பதில் சொல்ல வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் ஊசிக்குத்தான் வேலை என்று தோன்றியதால் மூடிக்கொண்டார். "போய்க் கையைக் கழுவு," என்றார் பிறகு.

சாரிகந்துக்குத் திரும்பியதும் வாய்க்கால் ஒரே கோடையில் வெட்டி முடிக்கப்பட்டது. அவர் சொன்னதெல்லாம் நடந்தது. பெக்குகள் அவரை வெள்ளைக் கம்பளியில் தூக்கவில்லை, அவரைத்தான் இளமையிலேயே ஒருமுறை தூக்கியாகிவிட்டதே. தான் போடாத சண்டைகள் அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தன்மேல் தைக்காத அம்பு மழைக்காலத்தில் முழங்காலில் வலித்தது. உல்ஜாய் அவர் எதிரே வரும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உல்ஜாய், நாந்தாண்டி," என்றார் ஒருநாள், யாரும் இல்லாதபோது.

"தெரியுது தாத்தா. அவர் குரல் உங்க குரல் மாதிரிதான். குடும்பக் குரல்."

"இங்க பாரு, என் முகத்தைப் பாரு."

"பாத்துட்டேன் தாத்தா," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "போங்க, ஆறிடப்போவுது."

அவள் தினமும் தாய்லாக்கின் பங்கை, ஒரு தோளெலும்பை, அவன் இடத்தில் வைத்தாள். கானின் இடத்திலிருந்து அது கையெட்டும் தூரம்தான். ஆனால் இருவர் எலும்பை ஒருவர் தின்பது அந்த நாட்டில் நடவாத காரியம். எலும்பு அப்படியே கிடந்து நாய்களுக்குப் போயிற்று. இலை உதிரும் காலத்துக்குள், தாய்லாக் நதிக்கரையில் இறந்துவிட்டான் என்று ஊர் ஒத்துக்கொண்டது. சாதுக்கும்கூட அழுதார். ஓராண்டு நிறைந்ததும் அவனுக்கு நினைவு விருந்து நடந்தது. குதிரைகள் அறுக்கப்பட்டன, பந்தயம் விட்டார்கள். தூரத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தவர்கள், பையன் நல்லவன், கொஞ்சம் அவசரக்காரன் என்று பேசிக்கொண்டார்கள். அன்றோடு உல்ஜாய் தோளெலும்பு வைப்பதை நிறுத்தினாள்.

பெக்தூத் கான் விருந்துக்குத் தலைமை தாங்கினார். பேரனுக்காகப் பிரார்த்தனை ஓதப்பட்டபோது எல்லாரையும்போலக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தன் பங்கை எடுத்துக் கடித்துப் பார்த்து, உப்பு குறைவு என்றார். அடுத்த விருந்தில் பார்த்துக்கொள்வதாகச் சமையல்காரன் சொன்னான்.