தள்ளினால் ஒன்று, தவறினால் ஒன்று

மூட்டை தூக்கித் தூக்கி என் முழங்கால் இரண்டும் படிக்கட்டைக் கண்டாலே முனகின. எங்கள் குடோனில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான், பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுவது. போன வாரம் அதற்கான சோதனையில் தோற்றேன். ஓட்டத் தெரியாமல் இல்லை. ஒரு சொல் காலை வாரிவிட்டது.

குடோனில் பல பாஷைக்காரர்கள் இருப்பதால் உத்தரவெல்லாம் இங்கிலீஷில்தான். நான் எழுத்துக் கூட்டப் பழகியதே தலை நரைத்த பிறகு. ஸ்லைடு என்றாலும் சறுக்குவது, ஸ்லிப் என்றாலும் சறுக்குவது என்று மனப்பாடம் செய்திருந்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம்; சறுக்கினால் விழத்தானே வேண்டும்? வண்டி தூக்கிய மரத்தட்டில் இருந்த பெட்டிகளை ஓரமாக நகர்த்தச் சொல்லி சூப்பர்வைசர் "ஸ்லைடு" என்றார். பெட்டி விழுகிறது என்று நான் வண்டியிலிருந்து குதித்து ஓடிவிட்டேன்.

"அண்ணனுக்குக் காலு சரியில்லன்னு யாருய்யா சொன்னது?" என்றான் பாரம் கட்டுகிறவன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் இன்னொரு தடவ பாக்கலாம். அதுதான் கடைசி."

என் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். அங்கே இங்கிலீஷ் புழங்கும். விஷயத்தைக் கேட்டவள், கை கழுவிவிட்டு வந்த என்னை மேஜை முன் உட்காரவைத்தாள். உப்பு டப்பாவை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"இது ஸ்லைடு."

ஈரக் கையோடு நான் அதை எடுக்கப்போக, நழுவித் தரையில் விழுந்தது. மூடி தனியே உருண்டோடியது.

"அது ஸ்லிப். தள்ளினா ஸ்லைடு, தவறினா ஸ்லிப். இதுக்கா குதிச்சீங்க?"

"அப்ப நம்ம கல்யாணம் எதுல சேத்தி?"

"எங்கப்பா என்னைத் தள்ளிவிட்டாரு, அது ஸ்லைடு. நான் தலையாட்டினேன் பாருங்க, அதுதான் ஸ்லிப்."

சோதனை நாள் வந்தது. "ஸ்லைடு" என்றார் சூப்பர்வைசர். விசையை மெல்லச் சாய்த்தேன். பெட்டிகள் ஓரமாக நகர்ந்து, பக்கத்துப் பெட்டியோடு ஒட்டி நின்றன. அடுத்த தட்டிலும் அப்படியே. பிசகவில்லை. கடைசிப் பாரத்தை உயரத்தில் ஏந்தியபடி வண்டியை நிறுத்தினேன்.

சூப்பர்வைசர் கையை உயர்த்தி, "ஸ்லிப்" என்றார்.

தவறினா ஸ்லிப். ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "விலகுங்க, எல்லாரும் விலகுங்க" என்று கத்தினேன். பாரம் கட்டுகிறவன் அலமாரிக்குப் பின்னால் பாய்ந்தான். சூப்பர்வைசரே பின்வாங்கி அண்ணாந்து பார்த்தார். எதுவும் விழவில்லை. அவர் உயர்த்திய கையில் ஒரு துண்டுச்சீட்டு இருப்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

"இந்த ஸ்லிப்புண்ணே. நாளையிலேருந்து நீங்க வண்டி ஓட்டலாம்னு எழுதின சீட்டு. சீட்டையும் ஸ்லிப்புன்னுதான் சொல்லுவாங்க."

அலமாரிக்குப் பின்னாலிருந்து தலை நீட்டினான் பாரம் கட்டுகிறவன். "போன வாரம் அவரு மட்டும் ஓடினாரு. இந்த வாரம் நம்மளையும் ஓட வெச்சுட்டாரு."

இந்த முறை சூப்பர்வைசரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழக்கதோஷத்தில், சீட்டை வாங்க ஒரு காலைக் கீழே இறக்கினேன்.

"எறங்காதீங்கண்ணே," என்று அவர் கிட்டே வந்தார். "உக்காந்தே வாங்கிக்குங்க."