இன்னும் அரைச் சுற்று

பட்டறைக்காரருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்காது என்று சொன்னால் அது மரியாதையான பேச்சு. அந்த மனிதரைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத திருகாணியை முடுக்குவதெல்லாம் ஒரு வேலையா? எட்டு வருஷமாக மகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். நேரில் பார்த்தால் மட்டும், "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்று வாய் நிறைய வரவேற்பார்.

அன்று மத்தியானம் மாப்பிள்ளை பழைய வேனைக் கொண்டுவந்து பட்டறையில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் நிறுத்தினார். வேன் மகளுடையது. சிறுநீரகம் கெட்டுப்போன ஆறு பேரை வாரத்துக்கு மூன்று நாள் வீடு வீடாக ஏற்றி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவது அவள் தொழில். போன மாசம் வேன் நடுவழியில் நின்று ஒரு நாள் தவறிவிட்டது. இன்னொரு தடவை தவறினால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த நடை மறுநாள் காலை.

"ஆயில் மாத்தினேன் மாமா. அடியில ஆயில் வடிக்கிற போல்ட்டுல சொட்டு சொட்டா கசியுது. பழைய வாஷரையே திரும்பப் போட்டுட்டேன், அதனாலதான்னு நினைக்கிறேன். புதுசு வாங்கிட்டு வந்திருக்கேன்." காகிதத்தைப் பிரித்து ஒரு செம்பு வளையத்தைக் காட்டினார்.

வாஷராம், வாஷர். பட்டறைக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நீங்க கொஞ்சம் மெதுவா முடுக்கியிருப்பீங்க. உங்க கைப்பழக்கம் அப்படி."

இருவரும் பள்ளத்தில் இறங்கினார்கள். மாப்பிள்ளை சட்டைக் கையை அளவெடுத்தாற்போல் மடித்துவிட்டு டார்ச்சைப் பிடித்தார். அந்த மடிப்பைப் பார்த்ததுமே பட்டறைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி ஓர் இழுப்பு இழுத்தார். கொஞ்ச நேரம் பொறுத்து அடுத்த சொட்டு விழுந்தது.

"ஆயில வடிச்சிட்டு வாஷர மாத்திடலாமே மாமா. மரை ஏற்கெனவே தேஞ்சிருக்கு. போடும்போதே கைக்குத் தெரிஞ்சுது."

கைக்குத் தெரிந்ததாமே. தான் நாற்பது வருஷமாக நிற்கிற பள்ளத்தில், கண்ணாடி துடைக்கிறவர் தனக்கு மரையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். பட்டறைக்காரர் ஒரு இரும்புக் குழாயை எடுத்து, இன்னும் பலமாக இழுக்க ஸ்பேனர் பிடியில் செருகினார்.

"பாருங்க மாப்பிள்ளை. இன்னும் அரைச் சுத்து. அவ்வளவுதான் விஷயம்."

கால் சுற்று இறுக்கமாகப் போனது. அப்புறம் ஸ்பேனர் பூப்போலச் சுற்றிக்கொண்டு வந்தது. மரை மொத்தமும் வழித்துக்கொண்டு போய்விட்டது. சூடான ஆயில் மணிக்கட்டில் வழிந்தது. மாப்பிள்ளை கீழே தட்டை நகர்த்தி வைத்தார். மரை இருப்பது ஆயில் தேங்கும் சம்ப்பில்; அந்த வேனில் அதைக் கழற்ற முன்பக்கம் பாதியை இறக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு நாள்.

அந்த நேரம் பார்த்து மகள் வந்து பள்ளத்தின் ஓரத்தில் நின்றாள். "ஆச்சாப்பா?"

"மரை போயிடுச்சும்மா. நாளைக்கு வண்டி எடுக்க முடியாது."

"மரை எப்படிப் போச்சு? யாரு பண்ணினது?"

பட்டறைக்காரர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். மாப்பிள்ளை அதைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் மாப்பிள்ளை. "மாமா வேணாம்னுதான் சொன்னாரு. கேக்காம முடுக்கிட்டேன்."

அவர் முகத்தில் கேலி இல்லை, பெருந்தன்மைப் பாவனையும் இல்லை. இரக்கம்தான் இருந்தது. இந்த ஆளுக்குத் தன் மேல் இரக்கமா என்று பட்டறைக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மகள் போனை எடுத்தாள். ஆறு பேருக்கும் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் சொல்ல வேண்டும். அங்கே என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். போனைக் காதில் வைக்குமுன் புருஷனைப் பார்த்தாள்.

"அப்பா உங்களப் பத்திச் சொல்லும்போதெல்லாம் அவரோட சண்டை போட்டேன். அவர் சொன்னது சரிதான்."

இப்போதாவது வாயைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை போதும். பட்டறைக்காரர் திறந்தார்.

"விடும்மா. அவரு என்ன பண்ணுவாரு, பழக்கமில்ல."

வாய் கூசவில்லை. மகள் அப்பாவை நன்றியோடு பார்த்தாள்.