தொண்ணூறாம் நாள் உரம்

“நகத்தைச் சுரண்டாதீங்க சித்தப்பா.”

துடைப்பக் குச்சியோடு குனிந்திருந்த கண்ணாயிரம் நிமிர்ந்தார். பெஞ்சில் கிடத்தியிருந்த காசியின் உடம்பிலிருந்து சீயக்காய்த் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பத்து விரல் நகத்திலும் பழுப்பாக வேப்பம்புண்ணாக்கு.

“அழுக்கோடவா அனுப்புறது உங்கப்பன?”

“அது அழுக்கு இல்ல.” அறிவுமதி குச்சியைப் பிடுங்கி எறிந்தாள்.

நேற்று சாயங்காலம் மோட்டார் கொட்டகையில் யூரியாவோடு வேப்பம்புண்ணாக்கைக் கலந்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்த அப்பா, ரெண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தார். விடிந்து எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

கலந்தது அவளுக்காக. ரெண்டு ஏக்கர் கரும்பில் வடக்குப் பாதி மகளுடையது, தெற்குப் பாதி அப்பாவுடையது என்று சண்டை போட்டு, நடுவில் குச்சி நட்டுப் பிரித்திருந்தார்கள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள், படித்தது விவசாயம். நட்ட முப்பது, அறுபது, தொண்ணூறாம் நாள் என்று யூரியாவை மூன்று பங்காகப் போடணும், போடுவதற்கு முந்தின நாளே புண்ணாக்கோடு கலந்து வைக்கணும், அப்போதுதான் தழைச்சத்து மெதுவாகக் கரைந்து வேருக்குப் போகும் என்றாள்.

“கஷாயம் காய்ச்சப் போறியா? வெளுத்தா வீசணும், அவ்ளோதான்” என்று சிரித்தார் காசி. தன் பாதியில் தண்ணீர் பாய்ச்சி வீசினார். போன மாதம் ரெண்டு நாள் மழை மொத்தத்தையும் அடித்துக்கொண்டு போனது. அவர் பாதி வெளுத்தது, அவள் பாதி பச்சையாக நின்றது. அவர் வாயே திறக்கவில்லை. அவள்தான் விடவில்லை. “இன்னாப்பா, வீசுன பச்சையைக் காணோம்?” என்று தினம் ஒரு தரம் குத்தினாள்.

இன்று தொண்ணூறாம் நாள்.

“நான் கழனிக்குப் போறேன் சித்தப்பா. நாளைக்கின்னா கலந்தது கட்டி புடிச்சிக்கும். காரியம் முடிஞ்சி போட்டா வெறும் சோகைத் தழைதான் வளரும், சக்கரை ஏறாது.”

“இன்னாடி பேசுற? பதினாறு நாளு கழனில கால் வைக்கக் கூடாது. ஊரே காறித் துப்பும். படிச்சா பாசம்கூட போயிடுமா?”

“பொம்பள சுடுகாட்டுக்கும் வரக் கூடாது, கழனிக்கும் போவக் கூடாது. வேற எங்கதான் போறது? நீங்களே சொல்லுங்க.”

பறை முழங்கியது. கண்ணாயிரம் தோள் கொடுக்கப் போய்விட்டார்.

பாடை தார் ரோட்டில் இடப்பக்கம் திரும்பியது. திருவண்ணாமலை டவுன் பஸ் ஓரம் கட்டி வழிவிட்டது. அறிவுமதி வலப்பக்கம் நடந்தாள். பின்னால் பெண்கள் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

கொட்டகையில் தார்ப்பாயை இழுத்தாள். அவள் பாதிக்கு ரெண்டு மூட்டை, அப்படித்தான் சொல்லியிருந்தாள். சுவரோரம் மடித்து வைத்திருந்த காலி யூரியா சாக்கு நாலு. மறுபடி எண்ணினாள். நாலுதான். குவியல் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. ஒரு கட்டி இல்லாமல் விரலாலேயே உதிர்த்து உதிர்த்துக் கலந்திருந்தார்.

அப்புறம் கூடையை நிரப்பிக்கொண்டு, குச்சியைத் தாண்டி, வெளுத்த பாதியிலிருந்து ஆரம்பித்தாள்.

கரும்பு வரிசைக்கு நடுவே நாலாவது பாரில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் வளையல் சத்தம். அம்மா சந்திரம்மாள். காலையில் உறவுக்காரிகள் பூசிவிட்ட மஞ்சளும் வைத்துவிட்ட பூவும் அப்படியே இருந்தன. இடுப்பில் இன்னொரு கூடை.

“ஒரு கைக்குக் கம்மியா போடும்மா. ஜாஸ்தி வேணாம். போட்டதும்...” என்று ஆரம்பித்தாள் மகள்.

“மண்ணு மூடணும். நேத்து சாப்புட்டுக்கினே அதத்தான் சொன்னாரு.”

அறிவுமதி கூடைக்குள் கையை விட்டாள்.

சுடுகாட்டுப் பக்கம் பறை நின்றது. ரெண்டு பேரும் நிமிரவில்லை. சந்திரம்மாள் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அடுத்த தூருக்கு நகர்ந்தாள்.