தொப்பூர் கணவாய் வாசம் அடிக்கும் பிராந்தி

பூவரசன் ஐந்து மாதத்தில் பதினேழு பாட்டில்களை ருசி பார்த்திருந்தான், ஒன்றைக்கூடக் குடிக்கவில்லை. இதை நம்புவதற்குத் தர்மபுரி மாவட்டத்தில் ஆள் கிடையாது.

ஒரு மடக்கு வாயில் ஊற்றி, நாக்கில் உருட்டி, மூக்கால் மூச்சு விட்டு, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மக்கில் துப்பிவிட வேண்டும். பிறகு நோட்டில் எழுத வேண்டும். ருசி பார்க்கிறவர்கள் உலகமெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவன் படித்திருந்தான். இந்த வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் அதியமான்கோட்டையில், மாமா சின்னராஜின் மாந்தோப்பில் நடக்கும். பாட்டிலில் மிச்சம் இருப்பது வீணாகாது, மாமா இருந்தார். "துப்பறதுக்குன்னு ஒருத்தன் பொறந்தா, முழுங்கறதுக்குன்னு ஒருத்தன் பொறக்கணுமில்ல" என்பார்.

அந்த நோட்டு ஹாஸ்டல் வார்டன் சென்னப்பன் கையில் சிக்கியது. எம்.எஸ்சி. வேதியியல் கடைசிப் பருவத் தேர்வுக்கு இன்னும் மூன்று நாள். ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்துவிட்டு, பூவரசனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

துணை முதல்வர் மாதவராஜ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் அலுவலக உதவியாளர் கலைமணி நடப்பதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் கல்லூரியின் அச்சடித்த மன்னிப்புக் கடிதம் கிடந்தது. குற்றத்துக்கு மட்டும் கோடு விட்டிருந்தார்கள். மாணவன் எதைச் செய்தாலும் வருந்துவதற்கு வாக்கியம் தயார்.

"குடித்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. ஹால் டிக்கெட் வாங்கிட்டுப் போ" என்றார் மாதவராஜ்.

"குடிக்கலீங்க சார். துப்பிட்டேன்."

"பிராந்தியப் போயி எவன்டா துப்புவான்?" என்றார் சென்னப்பன். அந்தக் குரலில் கோபத்தைவிட வேதனை அதிகம்.

"எனக்கு இருவத்திரெண்டு வயசுங்க சார். காலேஜுக்குள்ள ஒரு சொட்டு கொண்டாரல. செய்யாததுக்கு எப்படிங்க வருத்தப்படறது?"

"படிங்க சென்னப்பன். இவன் யோக்கியதை தெரியட்டும்."

சென்னப்பன் நோட்டைப் பிரித்து, பிணத்தை அடையாளம் காட்டுகிற குரலில் வாசித்தார். "ஒம்பதாம் நம்பர். ரெட் ஒயின். முதல் வாசம், தீர்த்தமலை மழையில் நனைந்த குரங்கு. நடுவில், சந்தை முடிந்த பாலக்கோடு தக்காளி மண்டி. குடிக்கலாம். ஆனால் எதற்கு?"

கலைமணிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"பதினாலாம் நம்பர். கறுப்பு மூடி பிராந்தி. தொடக்கத்தில் வெல்லப்பாகு. முடிவில், தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியின் பிரேக் தீய்ந்த வாசம்."

மாதவராஜ் நிமிர்ந்தார். "பிரேக்கா? அது கிராம்புடா!"

கலைமணி பக்கத்தைத் திருப்பினாள். சென்னப்பன் உதவி செய்கிற நினைப்பில், "ஆமாங்க சார், கிராம்பேதான். ரெண்டாவது ரவுண்டுல இன்னும் நல்லாத் தெரியும்" என்றார்.

மாதவராஜ் அவரைப் பார்க்கவில்லை. பூவரசனை மட்டும் பார்த்தார். எத்தனையோ வருஷமாக நம்பி வந்த ஒன்றை ஒரு பொடியன் லாரிக்கு அடியில் தள்ளிவிட்டான். "சரி. கையெழுத்து வேண்டாம். அந்த ஒரு வரிய அடிச்சுட்டு கிராம்புன்னு எழுது. ஏதோ ஆராய்ச்சி நோட்டுன்னு விட்டுடறேன்."

ஒரே ஒரு சொல். எழுதாவிட்டால் ஒரு வருஷம் போகும். அரூரில் மரவள்ளி போட்டிருக்கும் அப்பாவிடம் அதைச் சொல்லவும் வேண்டும். பூவரசன் பேனாவைக்கூட எடுத்தான். அந்த ருசியை மறுபடி நினைத்துப் பார்த்தான். லாரி இறங்கியது. பேனாவை வைத்துவிட்டான்.

"மாத்த முடியாதுங்க சார். கிராம்பு இருந்திருந்தா எழுதியிருப்பேன். பதினொண்ணாம் நம்பர்ல இருந்துச்சு, எழுதியிருக்கேன், பாருங்க."

"அப்ப ஹால் டிக்கெட் கெடையாது! கலைமணி, எழுதும்மா."

"எழுதறேனுங்க சார்" என்றாள் கலைமணி, தலை நிமிராமல். "மாணவர் பிரேக்னு சொன்னாரு. துணை முதல்வர் கிராம்புன்னாரு. வார்டன் ரெண்டாவது ரவுண்டுன்னாரு. இதுவரைக்கும் சரிங்களா சார்?"

மாதவராஜ் இழுப்பறையைத் திறந்தார். ஹால் டிக்கெட்டில் முத்திரை விழும் சத்தம் கேட்டது.

பூவரசன் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னடா?"

"நோட்டுங்க சார்."

"அது பறிமுதல்."

"அப்ப இருக்கறனுங்க."

இருந்தான். சாப்பாட்டு மணி அடித்தது, அப்போதும் இருந்தான். சென்னப்பன் டிபன் பாக்ஸைத் திறந்து மூடினார். கடைசியில் மாதவராஜ் சிவப்புப் பேனாவை எடுத்தார். பதினாலாம் நம்பரில் பிரேக் வரியை அடித்து, மேலே 'கிராம்பு' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, நோட்டை மேசைமேல் எறிந்தார்.

பூவரசன் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தான். கலைமணியிடம் பேனா வாங்கினான். நின்றபடியே கிராம்பை அடித்தான். கீழே முழு வரியையும், தொப்பூரோடும் லாரியோடும், மறுபடி எழுதினான். பக்கத்தில் தானும் ஒரு சுருக்கொப்பம் போட்டுத் தேதி இட்டான்.

"வரனுங்க சார்" என்றான்.