லீவு போடாத மருமகள்

மைசூரின் கோகுலம் பகுதியில் பொழுது விடியும் முன்பே தெருவுக்கு உயிர் வந்துவிடும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் சுருட்டிய யோகா விரிப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பறப்பார்கள். அந்த ஸ்கூட்டர்களில் பாதி சந்திரேகௌடாவின் வாடகை வண்டிகள். அவற்றுக்கு வழிவிட்டு, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாக நடந்து போகிறாளே, அவள்தான் சந்திரேகௌடாவின் மனைவி நாகவேணி. அவள் கையிலும் ஒரு விரிப்பு.

வாசற்படியில் காபி டம்ளரோடு உட்கார்ந்து மாமியார் கெம்பம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மருமகள் விரிப்போடு கிளம்பினால் முகம் மலரும். விரிப்பு மூலையில் கிடந்தால் அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள்தான் பேசும்.

காரணம் இதுதான். ஹேமலதா மேடத்தின் யோகா கூடத்தில் அமாவாசை, பௌர்ணமிக்கு எல்லோருக்கும் விடுமுறை. அதோடு பெண்களுக்குத் தூரமான நாட்களிலும் விடுமுறை. உடம்புக்கு ஓய்வு கொடுக்க வந்த ஏற்பாடு அது. 'லீவு' என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். நாகவேணிக்குத்தான் சிரிப்பு வராது. அவள் லீவு போட்டால், இந்த மாதமும் ஒன்றுமில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். முன்பு வண்டி வாடகைக்கு எடுத்த ஒரு வெள்ளைக்காரப் பெண், போன வருஷம் மறுபடி வந்தபோது இடுப்பில் குழந்தையோடு வந்தாள். எல்லாம் இந்த யோகாவால்தான் என்றாள். சந்திரேகௌடா அன்று சாயங்காலமே மனைவிக்கு விரிப்பு வாங்கி வந்துவிட்டான்.

கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சு விடுகிற யோகா இல்லை அது. குனிய வேண்டும், கைகளை ஊன்ற வேண்டும், இரண்டு கால்களையும் ஒரே வீச்சில் பின்னால் எறிந்து உடம்பைப் பலகைபோல் இறக்க வேண்டும். பிறகு துள்ளி, ஊன்றிய கைகளுக்கு நடுவே கால்களை நுழைத்து வந்து உட்கார வேண்டும். ஓர் ஆசனம் முடிந்தால் மறுபடி இதே துள்ளல். முதல் நாள் நாகவேணி துள்ளிய சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது.

"ஏன்டி வேணி, நீ தாவுறியா, இல்ல அம்மிக்கல்லை உருட்டுறியா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பாரதி.

அன்று எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். அதன் பிறகு சிரிக்கவில்லை. ஓர் ஆசனம் சரியாக வந்தால்தான் மேடம் அடுத்ததைத் தருவார். முழங்காலைச் சுற்றி முதுகுக்குப் பின்னால் கைகோக்கிற ஒரு முறுக்கில் அவள் மாதக்கணக்காக நின்றுவிட்டாள். அந்தக் கை கோத்துவிட்டால் கருப்பையும் திறந்துவிடும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். மேடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

இந்த மாதம் நாள் நெருங்கியபோது, சோறு போட்டுக்கொண்டே கெம்பம்மா சொன்னாள்:

"இந்த மாசமும் லீவுன்னா சொல்லிடு. மண்டியாவுல என் தம்பி பேத்தி ஜாதகம் சந்திருவுக்கு ரெடியா இருக்கு. உன்னை யாரும் துரத்தலை. நீயும் ஒரு மூலையில இருந்துக்கலாம்."

சந்திரேகௌடா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, விடியும் முன்பே நாகவேணிக்கு வந்துவிட்டது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதாள். முகத்தைக் கழுவினாள். வெளியே வந்து விரிப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசற்படியில் கெம்பம்மாவின் முகம் மலர்ந்தது.

அந்த மலர்ச்சி நாகவேணியைக் கட்டிப்போட்டுவிட்டது. மறுநாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். ரத்தம் பெருகிப் பெருகிப் போயிற்று. அடிவயிற்றைக் கயிறு போட்டு இழுப்பதுபோல் வலி. அடுத்த மாதமாவது தங்கட்டும் என்று முன்னைவிட வேகமாகத் தாவினாள், பலத்தையெல்லாம் கூட்டி முறுக்கினாள். வீட்டில் கெம்பம்மா ஹோளிகே என்கிற போளி சுட்டு, "வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு, யார்கிட்டயும் சொல்லாதே" என்றபடியே, மருமகளுக்குத் தங்கிவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். "எதனால தங்கிச்சோ அதை விடாதேடி, தினமும் போ" என்றாள் மருமகளிடம். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயெடுத்தாள் நாகவேணி. ஒவ்வொரு நாளும் மண்டியா ஜாதகம் கண்முன் வந்து நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை, கால்களைப் பின்னால் எறிந்தவளுக்குக் கைகள் மடங்கின. முகம் தரையில் மோதியது. மேடம் ஓடிவந்து புரட்டினார். உதடு வெளுத்திருந்தது. விரிப்பில் ரத்தம்.

"லீவு நாள்ல எதுக்கும்மா வந்தே? இது யோகாவா, உனக்கு நீயே கொடுத்துக்கிற தண்டனையா?"

மேடமும் பாரதியும் அவளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கைத்தாங்கலாக அவள் இறங்குவதைக் கண்டதும் கெம்பம்மா வாசற்படியில் உட்கார்ந்தபடியே மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, வயித்துல இருந்ததைக் கொன்னுட்டு வந்து நிக்கிறாளே!"

"வயித்துல ஒண்ணும் இல்லம்மா," என்றார் ஹேமலதா. "இது மாசா மாசம் வர்றதுதான். மறைச்சுக்கிட்டு வந்து தாவியிருக்கா. உடம்புல ரத்தமே இல்லை."

"அப்போ என்னை ஏமாத்தினியாடி? தெருவுல நான் எப்படி முகத்தைக் காட்டுவேன்?"

"லீவு போட்டிருந்தா உங்க தம்பி பேத்தி வந்திருப்பா அத்தை," என்றாள் நாகவேணி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"வராம? குறை உன்கிட்டதான்னு டாக்டரே சொன்னப்புறம் நான் வேற என்ன செய்ய?"

"எந்த டாக்டர் சொன்னாங்க?" என்று கேட்டார் ஹேமலதா.

"என் மகன் சொன்னான். கூடப் போனவன் அவன்தானே!"

நாகவேணி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாசலோரம் ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் அவன் மானத்துக்காக அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள். அவன் இப்படியொரு பொய் சொல்லியிருப்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு எல்லாம் சரியா இருக்குன்னாங்க அத்தை. அடுத்தது அவரைப் பாக்கணும்னாங்க. அன்னிக்கு வெளியே போனவர்தான், அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கலை."

"ஏய், வாயை மூடு! தெருவுல வச்சு..." என்றான் சந்திரேகௌடா.

"டேய் சந்திரு." கெம்பம்மா படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இவ சொல்றது நிஜமா?"

"ஆம்பளை போய் அங்க நிக்கிறதாம்மா? கடைக்கு வர்றவன் எல்லாம் சிரிப்பான்."

கெம்பம்மா விறுவிறுவென்று படியிறங்கி வந்தாள். பிறகு ஆட்டோவைத் தட்டி, "போயிடாதேப்பா, இரு" என்றாள்.

"அவன் சிரிப்பான் இவன் சிரிப்பான்னு நீ ஒளிஞ்சுக்கிட்டே. உன் வெட்கத்துக்கு இவ ரத்தத்தைக் கொட்டியிருக்கா. உன் பேச்சை நம்பி நான் இன்னொரு பொண்ணு தலையிலயும் கல்லைப் போட இருந்தேனேடா! ஏறு வண்டியில. முதல்ல இவளுக்கு மருந்து. அப்புறம் உனக்குப் பரிசோதனை. சிரிக்கிறவன் வந்தா நான் பேசிக்கிறேன்."

மேடமும் பாரதியும் நாகவேணியை மறுபடி ஆட்டோவில் ஏற்றினார்கள். சந்திரேகௌடா துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து ஏறினான். அவன் மனைவியின் கையைப் பிடிக்கப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை. மாமியாரைத்தான் பார்த்தாள்.

"அவருக்கும் குறை இல்லைன்னு வந்து, அப்பவும் பிள்ளை பிறக்கலைன்னா என்ன பண்ணுவீங்க அத்தை? மறுபடி மண்டியாவா?"

நாகவேணி இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"பிள்ளைங்கிறது ரெண்டு பேரோட காரியம். குறைன்னு வந்தா மட்டும் அதைப் பொம்பளை ஒருத்தி தலையில கட்டுறீங்க. பிறந்தாலும் பிறக்காட்டியும் நான் மனுஷிதான் அத்தை. அதுக்கு எந்த ஆசனமும் போட்டுக் காட்ட வேண்டியதில்லை."

கெம்பம்மா ஏறி, அவள் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவா ஓட்டுப்பா," என்றாள். "என் மருமக இருக்கா."