தொலைந்த பொருள்

இனிக் குற்றம் கூடினால் அந்தந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரின் வேலைதான் போகும் என்று மேலிடம் சொன்ன நாளிலிருந்து இன்ஸ்பெக்டருக்குச் சோறு இறங்கவில்லை. திருடனைப் பிடிப்பதைவிடத் திருட்டே நடக்கவில்லை என்று ஆக்குவது சுலபம் என்று கண்டுகொண்டார். யார் எதைப் பறிகொடுத்துவிட்டு வந்தாலும் "எங்க தொலைச்சீங்க?" என்றே கேட்கும்படி, புகார் எழுதும் ரைட்டரைப் பழக்கிவிட்டார். தொலைந்த பொருள் குற்றக் கணக்கில் வராதல்லவா?

நாளைக்கு ஆய்வுக் கூட்டம். உள்ளறையில் உட்கார்ந்திருந்தவர், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே காதைத் தீட்டிக்கொண்டார்.

வெளியே ஒரு பெண் மூச்சிரைத்தாள். "பைக்ல வந்தவன் சங்கிலிய அறுத்துட்டுப் போயிட்டான்!"

"எங்கம்மா தொலைச்சீங்க?" என்றார் ரைட்டர், குனிந்த தலை நிமிராமல்.

"தொலைச்சேனா? கழுத்தப் பாருய்யா! ரத்தம் தானா வருமா?"

குரல் காதில் விழுந்ததும் இன்ஸ்பெக்டர் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவருடைய மனைவி! நிமிர்ந்து பார்த்த ரைட்டர் சட்டென்று எழுந்து நின்றார்.

"நல்லவேளை, நீங்க இருக்கீங்க." அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பறிச்சுட்டுப் போனான்னு எழுதச் சொல்லுங்க."

ரைட்டர் பேனாவைத் திறந்தார். "என்ன சார் எழுதட்டும்?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்தார். மனைவியின் கழுத்தில் கசிந்த ரத்தத்தை மெல்ல ஒற்றியபடியே கேட்டார்:

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. குளிக்கும்போது எங்கயாவது கழட்டி வச்சியா?"