தோற்றவன் தட்டு

ரூடி ஹவெல்கா பதினொரு வருஷமாக ஒரே ஒரு சாப்பாட்டு ஆர்டரை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். டிராக்டர் ஓட்டும்போதும், வேலிக் கம்பியை இழுத்துக் கட்டும்போதும் அதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பார். "என் மாப்பிள்ளைக்கு ஒரு சர்லாயின், மர்லிஸ். வெல்-டன். கரியற வரைக்கும் அடுப்புலயே கெடக்கட்டும். கூட காட்டேஜ் சீஸ், அது மேல டப்பா பீச் பழம்." இதை வாய்விட்டுச் சொல்லும் உரிமை இந்த அக்டோபரில்தான் அவர் கைக்கு வந்தது.

மாப்பிள்ளை என்பது அவருடைய தங்கை லவோனாவைக் கட்டிய கார்வின் டைட்ஸ். இரண்டு பேருக்கும் நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பக்கம் அடுத்தடுத்த பண்ணை, நடுவில் ஒரு வேலி. ரூடியிடம் இருப்பவை வெள்ளை முகத்துச் சிவப்பு மாடுகள், கார்வினிடம் கறுப்பு. வருஷா வருஷம் ஒரே வியாழக்கிழமையில் இருவரும் கன்றுகளை ஏலக் கொட்டகைக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். தராசில் யாருடைய கன்றுகளுக்குச் சராசரி எடை அதிகமோ, அவர் மறுநாள் ஊர் மாட்டுக்கறிக் கடையான 'வைக்கோல் போர்' ஸ்டீக் ஹவுஸில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆர்டர் சொல்வார். எந்தக் கறி, என்ன பதம், பக்கத்தில் என்ன வைப்பது, எல்லாம் ஜெயித்தவர் இஷ்டம். தோற்றவர் மறுபேச்சுப் பேசக் கூடாது. தட்டை வழித்துத் தின்றுவிட்டு, எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "என் ஆயுசுல இவ்வளவு நல்ல கறி நான் தின்னதில்ல."

ரூடி அதைப் பதினொரு தடவை சொல்லியிருக்கிறார். பதினொரு தடவையும் அவர் முன்னால் வந்தது உள்ளே சிவப்பே இல்லாமல் காயக் காயச் சுட்ட வெல்-டன் சர்லாயின் துண்டுதான். அந்தக் கடையின் மெனு அட்டையிலேயே அடியில் ஒரு வரி போட்டிருக்கும், வெல்-டன் கேட்கிறவர் தட்டுக்குக் கடை பொறுப்பில்லை என்று. மாடு வளர்த்துப் பிழைக்கிற ஊரில் அதற்கு மேல் அவமானம் வேறென்ன வேண்டும். ரூடி வெளியே லேசாகக் கருகி உள்ளே சிவப்பாக இருக்கிற ரேர் பதம் தவிர வேறெதையும் தொடாத மனிதர். காட்டேஜ் சீஸ் என்றால் அவருக்குக் குமட்டும். இரண்டுமே தெரிந்துதான் கார்வின் சொல்லுவார். ரூடி அந்தச் செருப்புத்தோலை அரை மணி நேரம் மென்று விழுங்குவதைப் பார்க்கவே நாலு குடும்பம் அந்த வெள்ளிக்கிழமை கடைக்கு வரும்.

இந்த வருஷம் தராசு திரும்பியது. போன வருஷம் வாங்கிய புதுக் காளையின் புண்ணியத்தில் ரூடியின் கன்றுகள் சராசரியில் நாலு பவுண்டு கூடுதலாக நின்றன. எடைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீடு போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை எடுத்துப் பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், சொல்லிச் சந்தோஷப்பட வீட்டில் ஆளில்லை. நாயிடம் படித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே கடை நிறைந்துவிட்டது. சேதி ஏற்கெனவே ஊர் சுற்றி வந்திருந்தது. கால்நடை டாக்டர் தூரத்து மேஜையிலிருந்து ரூடியைப் பார்த்துக் கிளாஸைத் தூக்கினார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் நாற்காலியையே இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ரூடி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். எதிரே லவோனாவும் கார்வினும்.

வழக்கம்போல முதலில் காய்த் தட்டு வந்தது: கேரட், செலரி, முள்ளங்கி, கூடவே பிஸ்கட் பொட்டலங்கள். கார்வின் சாதாரணமாக அந்தக் கேரட்டை ஒற்றை ஆளாகக் கடித்துத் தீர்ப்பவர். சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும். இன்று தொடவில்லை. தோற்ற துக்கம் என்று நினைத்தபோது ரூடிக்கு உள்ளூர இனித்தது.

"என்ன மாப்ள, பேச்சையே காணோம். தராசு நாக்க அறுத்துடுச்சா?"

கார்வின் வாய்க்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நாலே நாலு பவுண்டு மச்சான். உன் கன்னுக்குட்டிங்க தராசுல ஏர்றதுக்கு முன்னாடி சாணி போட மறந்துடுச்சுங்க. அத ஒரு வெற்றின்னு வெச்சுக்காத."

ரூடி சிரித்தார். ஆனாலும் அந்தக் கை எதற்கு அங்கே இருக்கிறது என்று ஒரு சந்தேகம் தட்டியது. அதற்குள் லவோனா எழுந்து, "அண்ணே, சாலட் எடுக்க வா" என்றாள். ரூடிக்குச் சாலட் பழக்கம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவர் எழுந்து போனார்.

பீட்ரூட் பாத்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமலே அவள் சொன்னாள். "அவருக்கு மேல் பல்லு அத்தனையும் எடுத்தாச்சு. மூணு வாரமாச்சு. கட்டுன பல்லு இன்னும் சரியா உக்காரல. சூப்பக் குடிச்சிட்டு நாளத் தள்றார். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

"அப்ப எதுக்கு வந்தான்? ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வீட்டுல இருக்க வேண்டியதுதான?"

"வரலைன்னா, பயந்துட்டான்னு நீ ஊரெல்லாம் சொல்லுவேன்னு சொல்றார்."

"ஆமா, சொல்லியிருப்பேன்," என்றார் ரூடி.

"நான் உன்னை ஒண்ணும் கேக்கல. உன் முறை, உன் இஷ்டம்." லவோனா இரண்டு துண்டு பீட்ரூட்டை எடுத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள்.

ரூடிக்கு முதலில் வந்தது கோபம்தான். பதினொரு வருஷம் பல்லோடு இருந்த ஆளுக்கு இந்த மாதம்தானா அது போக வேண்டும். காலித் தட்டும் கையுமாக அங்கேயே நின்று யோசித்தார். சர்லாயின் சொன்னால் கார்வின் மென்று பார்ப்பார், விடமாட்டார், அந்த வீம்பு இவருக்குத் தெரியும். கடைசியில் பல் செட்டு கழன்று தட்டில் விழும், இல்லையென்றால் தொண்டையில் கறி சிக்கும். இரண்டையும் நாலு குடும்பம் பார்க்கும். அதை நினைத்தபோது ரூடிக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று கொஞ்சம் காத்திருந்துகூடப் பார்த்தார்.

மெத்தென்று இருக்கிற நல்ல கறி ஒன்றைச் சொல்லிவிடலாமா என்றால், அது அதைவிட மோசம். இத்தனை வருஷப் பகைக்கு இதுவா பதில் என்று கடையே கேட்கும். லவோனா சொல்லிவிட்டாள் என்று கார்வினுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிடும். மச்சான் இரக்கப்பட்டுப் போட்ட கறியைத் தின்பதற்குப் பதில் கார்வின் பட்டினியே கிடப்பார்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நடந்தது அப்போது ரூடியின் நினைவுக்கு வந்தது. பனிப்புயல் நேரம், ரூடிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு எழ முடியவில்லை. ஒன்பது நாள் கார்வின்தான் வேலி தாண்டி வந்து இந்தப் பண்ணை மாடுகளுக்கும் தீனி போட்டார். நன்றி சொல்லப் போனபோது, "உன் மாடுங்க ஒல்லியா நிக்கிறதப் பாத்து என் மாடுங்க சிரிச்சு சிரிச்சுத் தீனியே திங்கல. அதான் போட்டேன்," என்றார். அந்தக் கிண்டல் இருந்ததால்தான் ரூடியால் அந்த உதவியைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ள முடிந்தது.

அவர் காலித் தட்டை அங்கேயே வைத்துவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

மர்லிஸ் குறிப்புப் புத்தகத்தோடு வந்து நின்றாள். இருபது வருஷமாக அந்தக் கடையில் பரிமாறுகிறவள், பதினொரு ஆர்டரையும் எழுதியவள். சுற்றிலும் முள்கரண்டிச் சத்தம் நின்றுபோனது. முதலில் ரூடி தனக்குச் சொன்னார்: எலும்போடு ரிப்-ஐ விலாக்கறி, இருபத்திரண்டு அவுன்ஸ், ரேர், சுட்ட உருளைக்கிழங்கு, வெண்ணெய் தாராளமாக. மர்லிஸ் எழுதிக்கொண்டாள்.

"மாப்பிள்ளைக்கு?"

"என் மாப்பிள்ளைக்கு ஒரு..." என்று ஆரம்பித்தார் ரூடி. பதினொரு வருஷப் பழக்கம், சர்லாயின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. எதிரே கார்வின் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் தாடை இறுகியிருந்தது. ரூடி மெனு அட்டையைத் திருப்பினார். "பின்பக்கம் போட்டிருக்கே, கன்னுக்குட்டித் தட்டுன்னு. அதுல ஒண்ணு."

"அது பன்னெண்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு, ரூடி."

"இவன் ஜெயிச்சது பதினோரு வருஷம். பதினொண்ணு பன்னெண்டுக்குக் கீழதான? கொத்துக்கறி நல்லா மெத்துனு இருக்கட்டும். மசிச்ச உருளைக்கிழங்கு, மேல கிரேவி. ஆப்பிள் கூழ் ஒரு கிண்ணம். பொம்மை வரைய கிரேயானும் கொண்டா, புள்ள அழப் போகுது."

கடை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. பேருந்து ஓட்டுகிறவர் மேஜையைத் தட்டினார். பதினொரு வருஷ வெல்-டன்னையும் ஒரே அடியில் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான் ரூடி என்று டாக்டர் உரக்கவே சொன்னார். கார்வினின் காது இரண்டும் சிவந்துபோயின. ஆனால் தோற்றவர் பேசக் கூடாது என்பது விதி. மர்லிஸ் மாட்டுப் படம் அச்சடித்த காகிதத்தையும் கிரேயான்களையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கார்வின் அவற்றைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு கறுப்பு கிரேயானைத் தேடி எடுத்து, படத்திலிருந்த மாட்டுக்கு வாலிலிருந்து மூக்கு வரை கறுப்பு அடித்தார். அதற்கும் கடை சிரித்தது.

சாப்பாடு வந்தது. ரூடியின் ரிப்-ஐ தட்டுக்கு வெளியே எலும்பை நீட்டிக்கொண்டு கிடந்தது. கத்தியை வைத்ததும் உள்ளே ஒரே சிவப்பு, சாறு உருளைக்கிழங்கு வரை ஓடியது. இந்த நாளில் இந்தக் கடையில் இப்படி ஒரு துண்டைத் தின்று எத்தனை வருஷமாகிவிட்டது. வாய் நிறையப் போட்டு மென்றார். சுகமாகத்தான் இருந்தது, ஆனால் கண் மட்டும் எதிர்த் தட்டை விட்டு நகர மறுத்தது.

கார்வின் கத்தியைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. கரண்டி விளிம்பால் கொத்துக்கறியை அழுத்தினார், பிரிந்து வந்தது. கிரேவியில் புரட்டி, வாயில் போட்டு, வலிக்காகக் காத்திருக்கிறவர் மாதிரி அசையாமல் இருந்தார். வலி வரவில்லை போலிருக்கிறது. இரண்டாவது வாய் பெரிதாகப் போனது. மூன்றாவதில் கொஞ்சம் உருளைக்கிழங்கும் சேர்ந்தது. மூன்று வாரப் பசி அந்தத் தோளில் தெரிந்தது. பாதித் தட்டு காலியான பிறகுதான் அவர் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். லவோனா பீட்ரூட்டைச் சின்னச் சின்னதாக நறுக்குவதில் மும்முரமாக இருந்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அப்புறம் அவர் மச்சானைப் பார்த்தார். ரூடி அவசரமாக எலும்பைக் கையில் எடுத்துக் கடிக்க ஆரம்பித்தார்.

ரூடியின் நெஞ்சில் ஏதோ ஒன்று லேசாகிவிட்டது. அந்தச் சர்லாயினைச் சொல்லியிருந்தால் இந்த ரிப்-ஐ தனக்கு இறங்கியிருக்காது என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.

கார்வின் ஆப்பிள் கூழ்க் கிண்ணத்தையும் வழித்து வைத்தார். நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எல்லா நாற்காலிகளும் இந்தப் பக்கம் திரும்பின. பேருந்து ஓட்டுகிறவர், "சத்தமா, சத்தமா" என்று எடுத்துக் கொடுத்தார்.

கார்வின் வாய்க்கு முன்னால் கையை வைக்கவில்லை. அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "என் ஆயுசுல இவ்வளவு நல்ல கறி நான் தின்னதில்ல."

கடை கைதட்டிச் சிரித்தது. ரூடி சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். இதுவரை அந்தக் கடையில் பதினொரு தடவை பொய்யாகச் சொல்லப்பட்ட வார்த்தை அது.

வழக்கமாக இதோடு முடிந்துவிடும், தோற்றவர் தொப்பியைத் தேடுவார். கார்வின் மறுபடியும் உட்கார்ந்தார். காலித் தட்டை மேஜை நடுவுக்குத் தள்ளினார். "மர்லிஸ், இன்னொரு தட்டு கெடைக்குமா?"

சிரிப்பு அப்படியே அடங்கியது. தோற்றவர் தட்டை யாரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. மர்லிஸ் என்ன செய்வதென்று தெரியாமல் ரூடியைப் பார்த்தாள். இன்றைக்கு அந்த மேஜையில் ஆர்டர் அவருடையது.

"குடு," என்றார் ரூடி. "கிரேவி கொஞ்சம் தாராளமா ஊத்து. வளர்ற புள்ள."